திங்கட்கிழமை வயிற்றுவலி

என் மகன் ஏழாம் வகுப்புக்குப் போன வருடம், பள்ளி திறந்த சில வாரங்களிலேயே வயிற்றுவலி என்று சொல்ல ஆரம்பித்தான். காலையில் எழுப்பினால் முழங்காலை நெஞ்சோடு சேர்த்துச் சுருண்டுகொள்வான். முகம் வெளுத்துப்போய் இருக்கும். நடிப்பு இல்லை என்று பார்த்தாலே தெரியும். என் மாமியார் ஓமத்தைக் கொதிக்கவைத்துக் கொடுப்பார், தொப்புளைச் சுற்றி விளக்கெண்ணெய் தடவிவிடுவார். வேன் வந்து போய்விட்டது என்று தெரிந்த அரை மணியில் வலி இறங்கிவிடும். மத்தியானம் ரசம் சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிடுவான். திங்கட்கிழமைதான் ரொம்ப மோசம். ஞாயிறு ராத்திரியே சாப்பாடு இறங்காது.

இதே மாதிரிக் காலை வலியோடு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஸ்கேன் சென்டர் வாசலில் உட்கார்ந்திருக்கும் பெற்றோர் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பிள்ளை வாயால் சொல்லாததை உடம்பு பல மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கும். அதை நாங்கள் எப்படிப் புரிந்துகொண்டோம், அப்புறம் என்ன செய்தோம் என்பதை முடிந்தவரை விவரமாகச் சொல்கிறேன்.

திருச்சியில் இருக்கிறோம். கணவருக்குத் திருப்பூரில் வேலை. சனி இரவு வந்து ஞாயிறு இரவு கிளம்பிவிடுவார். பூச்சி மாத்திரை, அசிடிட்டி சிரப், ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் என்று எல்லாம் பார்த்தோம். ஸ்கேனில் ஒரு கோளாறும் இல்லை. கடைசியாகப் பார்த்த குழந்தை மருத்துவர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு அவனிடமே கேட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வலிக்குமா? லீவுக்கு ஊருக்குப் போனால் வலிக்குமா? ஸ்கூலில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை பாத்ரூம் போவாய்?

முதல் இரண்டுக்கும் இல்லை என்று தலையாட்டினான். மூன்றாவதற்குக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "போக மாட்டேன்" என்றான்.

காலை ஏழே முக்காலுக்கு வேன் ஏறுகிறவன் வீடு திரும்ப சாயங்காலம் ஐந்து மணி ஆகும். அவ்வளவு நேரமும் போவதில்லை. போகவேண்டி வந்துவிடக் கூடாது என்று தண்ணீரும் குடிப்பதில்லை. ஒரு லிட்டர் பாட்டில் கிட்டத்தட்ட அப்படியே திரும்பி வரும். கேட்டால், ஸ்கூலிலேயே ஆர்.ஓ. தண்ணீர் இருக்கிறது என்பான். பல மாதம் அடக்கி அடக்கி மலம் இறுகிப்போயிருந்தது. சிறுநீரில் லேசாகத் தொற்றும் இருந்தது. மருத்துவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "வலி நிஜமான வலிதாங்க. மருந்து தரேன். ஆனா ஏன் போக மாட்டேங்கிறான்னு கண்டுபிடிக்காம இது நிக்காது."

பயத்தில் இருக்கும் உடம்பு குடலையும் தூக்கத்தையும்தான் முதலில் பிடிக்கும் என்று அவர் விளக்கினார். மூளையும் குடலும் நரம்புகளால் பேசிக்கொண்டே இருப்பவை. நாள் முழுக்க எச்சரிக்கையாகவே இருக்கிற பிள்ளைக்கு வலி கூடுதலாகத் தெரியும், பசி போகும், இரவில் தூக்கம் கலையும். பிறகு நானே தேடிப் படித்தேன். இத்தாலிய ஆய்வாளர்கள் 2009-ல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், சக மாணவர்களின் கொடுமைக்கு ஆளாகும் பிள்ளைகளுக்குத் தலைவலி, வயிற்றுவலி, தூக்கமின்மை போன்றவை வர மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு வாய்ப்பு இருப்பதாகத் தெரிந்திருக்கிறது. அதனால் இப்போது யார் என்னிடம் பிள்ளைக்குக் காலையில் மட்டும் வயிறு வலிக்கிறது என்று சொன்னாலும் நான் கேட்பது, தண்ணீர் பாட்டில் எவ்வளவு மிச்சத்தோடு திரும்பி வருகிறது என்பதைத்தான்.

சரி, ஏன் போக மாட்டேன் என்கிறான்? வீட்டில் நாங்கள் எப்படிக் கேட்டும் வாய் திறக்கவில்லை. "ஒண்ணுமில்லம்மா", "அங்க நாறுதும்மா" என்று முடித்துவிடுவான். என் அண்ணன் புதுக்கோட்டைப் பக்கம் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியர். ஒரு சனிக்கிழமை வரச் சொன்னேன். அவர் யார் என்ன செய்தார்கள் என்று எதுவும் கேட்கவில்லை. ஒரு தாளையும் பென்சிலையும் நீட்டி, "மாப்ள, உங்க ஸ்கூல நான் பார்த்ததே இல்ல. எங்கெங்க என்ன இருக்குன்னு வரைஞ்சு காட்டு" என்றார்.

அவன் வரைந்தான். கேட், பிரேயர் மைதானம், மேடை, லேப், கேன்டீன், கழிப்பறை. "கிளாஸ்ல இருந்து கேன்டீனுக்கு எப்படிப் போவ?" பென்சில் நேராகப் போகவில்லை. லேப் கட்டடத்தைச் சுற்றி, சைக்கிள் ஸ்டாண்ட் வழியாகப் பின்பக்கமாகப் போனது. "நேரா போனா கிட்டத்தானேடா?" என்றார் அண்ணன். "அங்க அவங்க நிப்பாங்க மாமா."

அதற்குப் பிறகு எல்லாம் வந்தது. முந்தின வருடம் வேனில் ஒரு நாள் வாந்தி எடுத்துவிட்டான். அதிலிருந்து அதுவே அவனுக்குப் பட்டப்பெயர். ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் சிலர். கழிப்பறைக்குள் போனால் வெளித் தாழ்ப்பாளைப் போட்டுவிடுவார்கள். மணி அடித்து எல்லோரும் போன பிறகும் உள்ளே நின்று தட்டிக்கொண்டிருப்பான். சில நாள் மேலே இருந்து தண்ணீர் ஊற்றுவார்கள். நனைந்த சட்டையோடு வகுப்புக்குப் போனால் தாமதத்துக்கும் திட்டு, சட்டைக்கும் திட்டு. டிபன் பாக்ஸைப் பிடுங்கிக் கைமாற்றி விளையாடுவார்கள். வாட்ஸாப்பில் அவன் முகத்தை வெட்டி ஸ்டிக்கர் ஆக்கியிருந்தார்கள். அவன் வகுப்புப் பிள்ளைகளே அதைச் சிரித்துக்கொண்டு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

இதில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம் கேள்வி கேட்கும் விதம். பெயரைக் கேட்டால் பிள்ளை பயப்படுகிறான். சொன்னால் காட்டிக்கொடுத்தவன் ஆகிவிடுவான். இடத்தையும் நேரத்தையும் கேட்டால் சொல்லிவிடுகிறான். வேனில் எங்கே உட்காருவாய், இன்டர்வெல்லில் யார் பக்கத்தில் நிற்பாய், எந்தப் படிக்கட்டு வழியாக இறங்குவாய் என்று கேட்டாலே ஒரு நாளின் எந்த மூலையில் பயம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். பள்ளியிடம் போகும்போதும் அந்த இடமும் நேரமும்தான் கைகொடுத்தன.

படிப்பு எப்படிச் சரிந்தது என்பதும் அந்தப் படத்தில் இருந்தது. ஆறாம் வகுப்பில் கணக்கில் 80-க்குக் குறையாதவன் காலாண்டில் 40 சொச்சம் வாங்கியிருந்தான். கவனமே இல்லை என்று ரிப்போர்ட்டில் எழுதியிருந்தார்கள். அவனுக்குக் கணக்கு வகுப்பு காலை இன்டர்வெல்லுக்கு அடுத்த பீரியட். தாகத்தோடு, அடக்கிக்கொண்டு, இன்டர்வெல்லில் நடந்ததையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு பின்னம் எப்படி ஏறும்? அதோடு திங்கட்கிழமைகளில் பெரும்பாலும் லீவு. புதுப் பாடம் தொடங்கும் அன்று இல்லாததால் செவ்வாய்க்கிழமை ஒன்றும் புரியாது. புரியாததால் வகுப்பிலும் பயம். யுனெஸ்கோ 2019-ல் வெளியிட்ட அறிக்கையில், உலகில் மூன்றில் ஒரு மாணவர் கடந்த ஒரு மாதத்தில் ஒரு முறையாவது சக மாணவர்களின் கொடுமைக்கு ஆளாகியிருக்கிறார் என்றும், அடிக்கடி ஆளாகிறவர்கள் பள்ளிக்கு வராமல் போவது மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம் என்றும் இருக்கிறது. என் வீட்டில் அந்த இரண்டு மடங்கின் பெயர் திங்கட்கிழமை.

அண்ணன் உடனே பள்ளிக்கு ஓட விடவில்லை. முதலில் நோட்டில் எழுது என்றார். தேதி, இடம், நேரம், என்ன நடந்தது, யார் பார்த்தார்கள், அன்றைக்கு உடம்பு எப்படி இருந்தது. ஸ்டிக்கரையும் மெசேஜையும் தேதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்தோம், யாருக்கும் அனுப்பவில்லை. போனைப் பிடுங்கவும் இல்லை. சொன்னால் போன் போய்விடும் என்று தெரிந்தால் அடுத்த முறை எந்தப் பிள்ளையும் சொல்லாது.

பள்ளியில் முதலில் கேட்ட பதில், "பசங்கன்னா அப்படித்தாங்க, நீங்கதான் கொஞ்சம் தைரியமா வளர்க்கணும்." அண்ணன் அதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார். நண்பர்களுக்குள் கிண்டல் உண்டு. அதில் இன்றைக்கு இவன் சிரிப்பான், நாளைக்கு அவன் சிரிப்பான். ஒரே ஆளை, வேண்டுமென்றே, திரும்பத் திரும்ப, அவனால் எதிர்க்க முடியாது என்று தெரிந்தே செய்தால் அது வேறு. நார்வே நாட்டின் டான் ஓல்வேயஸ் என்ற உளவியலாளர் 1970-களிலிருந்து இதை ஆராய்ந்து இந்த மூன்றையும் அடையாளமாகச் சொன்னார். இன்றைக்கும் உலகம் முழுக்க அதைத்தான் வைத்துப் பார்க்கிறார்கள்.

பிறகு பள்ளியில் செய்ததுதான் நிலைமையை இன்னும் கெடுத்தது. இவனையும் அந்தப் பையன்களையும் ஒரே அறையில் நிற்கவைத்து மன்னிப்புக் கேட்கச் சொல்லி, கைகுலுக்க வைத்து அனுப்பிவிட்டார்கள். அன்று சாயங்காலமே வேனில் பின்சீட்டுக்கு இழுத்து, ஏன் சொன்னாய் என்று கேட்டிருக்கிறார்கள். சமமான இருவருக்குள் சண்டை என்றால் நேருக்கு நேர் பேசித் தீர்க்கலாம். நான்கு பேருக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கிற பிள்ளையை அந்த நான்கு பேர் முன்னால் நிறுத்துவது கொடுமையின் தொடர்ச்சிதான். இதை எந்தப் பள்ளி செய்ய முன்வந்தாலும் பெற்றோர் உறுதியாக மறுக்க வேண்டும். இருதரப்பையும் தனித்தனியாக விசாரிக்கச் சொல்லுங்கள்.

சொன்ன பிள்ளைக்குப் பாதுகாப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு வேறு உதாரணம் வேண்டாம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த பட்டியலின மாணவர் ஒருவர், சக மாணவர்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதையே நிறுத்தினார். பள்ளியில் கேட்டபோது நடந்ததைச் சொன்னார். அதன்பின் வீடு புகுந்து அவரை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கையும் வெட்டுப்பட்டாள். அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்து, 2024 ஜூனில் அறிக்கையும் வாங்கியது. அந்த மாணவர் அந்தக் காயங்களோடு படித்து பிளஸ் டூவில் 469 மதிப்பெண் எடுத்தார். என் மகனுக்கு நடந்ததை அதோடு ஒப்பிடவே முடியாது. சாதி சேர்ந்துகொள்ளும்போது அது விளையாட்டு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் புகார் சொன்னவனை அதே வேனில் அதே ஆட்களோடு தனியாக ஏற்றிவிடுகிற பழக்கம் சின்ன விஷயத்திலும் பெரிய விஷயத்திலும் ஒன்றுதான்.

இரண்டாவது முறை எழுத்தில் கொடுத்தோம். தலைமையாசிரியர் பெயருக்கு ஒரு பக்கக் கடிதம், நோட்டில் எழுதியதன் நகல், மருத்துவரின் சான்று. எங்கள் நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொண்டோம். கடிதத்தில் 1997-ம் வருடத்துத் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டத்தை அண்ணன் குறிப்பிட்டார். 1996-ல் ஒரு மருத்துவ மாணவர் சீனியரால் கொல்லப்பட்ட பிறகு வந்த சட்டம் அது. கல்லூரிக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் கல்வி நிறுவனம் என்றுதான் சொல்கிறது. புகார் வந்தால் நிறுவனத் தலைவர் உடனே விசாரிக்க வேண்டும், செய்யாவிட்டால் அவரே துணைபோனதாகக் கருதப்படுவார். யாரையும் போலீஸுக்கு இழுக்க எங்களுக்கு எண்ணம் இல்லை, அவர்களும் பிள்ளைகள்தான். ஆனால் அந்த வரி இருந்ததால் கடிதத்தை மடித்து டிராயரில் போட முடியவில்லை.

தண்டனை கொடுங்கள் என்று நாங்கள் எழுதவில்லை. எழுதியது இவ்வளவுதான்: அந்தக் கழிப்பறைக் கதவுகளின் வெளித் தாழ்ப்பாளைக் கழற்றவும். இரண்டு இன்டர்வெல்லிலும் ஓர் ஆசிரியர் அந்த வராந்தாவில் நிற்கவும். வேனில் ஆயாவுக்குப் பக்கத்தில் முன்சீட் தரவும். வகுப்பு நேரத்தில் கேட்டால் கேள்வி கேட்காமல் அனுப்பவும். ஏதாவது நடந்தால் போய்ச் சொல்ல ஒரே ஓர் ஆசிரியரைக் காட்டவும். கடைசிக்கு முந்தினதை மருத்துவரே தன் லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்தார். அம்மா கெஞ்சிக் கேட்டு நடக்காதது டாக்டர் சீட்டில் ஒரே நாளில் நடந்தது. உடம்புப் பிரச்சினை இருந்தால் இந்தச் சீட்டை மறக்காமல் வாங்குங்கள்.

தாழ்ப்பாள் அந்த வாரமே கழன்றது. ஆசிரியர் நிற்பது சில நாள் விட்டுப்போகும். போன் செய்து நினைவுபடுத்துவேன். தொல்லை ஒரே நாளில் நிற்கவில்லை. ஆனால் செய்வதற்கு இடம் குறைந்துபோனது.

உறவில் பலரும் சொன்னது, திருப்பி அடிக்கச் சொல்லு என்பது. உயரத்தில் ஒரு முழம் கூடிய நான்கு பேரை ஏழாம் வகுப்புப் பையன் அடித்தால் என்ன ஆகும், அடிபட்டு வருவான், அல்லது குற்றவாளி ஆவான். வேறு பள்ளி பார்க்கவும் யோசித்தோம். டி.சி. வாங்குவது சில இடங்களில் சரியான முடிவுதான். பள்ளி அசையவே இல்லை என்றால் தயங்கக் கூடாது. இவனே வேண்டாம் என்றான். அவனுக்கு அங்கே ஒரு நண்பன் இருந்தான்.

அந்த நண்பனைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். பேச்சு அதிகம் இல்லாத பையன். வகுப்பாசிரியை அவனைத் தனியாகக் கூப்பிட்டு, யாரையும் எதிர்க்க வேண்டாம், அவன் கூடவே போய் வா என்று மட்டும் சொல்லியிருக்கிறார். இன்டர்வெல் மணி அடித்தால், "வாடா போலாம்" என்று எழுந்து நிற்பான். யாராவது பட்டப்பெயரைக் கூப்பிட்டால், காதில் விழாத மாதிரி இவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடப்பான். கனடாவில் விளையாட்டு மைதானங்களைக் கேமராவில் பதிவு செய்து பார்த்த ஓர் ஆய்வில், பக்கத்தில் நிற்கும் ஒரு பிள்ளை குறுக்கிட்டால் பாதிக்கும் மேற்பட்ட நேரங்களில் பத்து விநாடிக்குள் தொல்லை நின்றிருக்கிறது. உங்கள் பிள்ளைக்குத் தொல்லை எதுவும் இல்லையென்றாலும் இதைச் சொல்லிக்கொடுங்கள். சண்டைக்குப் போக வேண்டாம். மாட்டிக்கொண்டவனைக் கூப்பிட்டுக்கொண்டு அந்த இடத்தைவிட்டு வந்தால் போதும். ஸ்டிக்கர் வந்தால் அனுப்பாமல் அழித்துவிட்டு, அவனுக்குத் தனியாக ஒரு மெசேஜ் போட்டால் போதும்.

வயிறு சரியாக அடுத்த கோடை வரை ஆனது. மலம் இளக்கும் சிரப்பைப் பல மாதம் கொடுக்கச் சொன்னார் மருத்துவர். வலி நின்றதும் நிறுத்திவிடக் கூடாது என்றார். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு கால் நன்றாக ஊன்றுகிற மாதிரி முக்காலி வைத்து, அவசரப்படுத்தாமல் பத்து நிமிடம் உட்கார வைக்க வேண்டும். அதற்காக எல்லோருமே அரை மணி முன்னால் எழ ஆரம்பித்தோம். பயம் தீராமல் அனுப்பவும் கூடாது, நீண்ட நாள் வீட்டிலேயே வைத்திருக்கவும் கூடாது என்பதையும் அவர்தான் சொன்னார். விட்ட நாள் கூடக் கூடத் திரும்பிப் போவது கஷ்டம். படிப்பில் எல்லாப் பாடத்தையும் ஒரேயடியாகத் துரத்தவில்லை. கணக்கு ஆசிரியரிடம் விடுபட்ட பாடங்களின் பட்டியல் வாங்கி, பின்னத்தையும் தசமத்தையும் மட்டும் மார்கழி முழுக்கப் போட்டோம். முழு ஆண்டில் 68 எடுத்தான்.

மருத்துவர் அவனிடம் ஒரு நாள் வெளிப்படையாகவே கேட்டார்: "செத்துப்போயிடலாம்னு எப்பவாவது தோணியிருக்கா?" எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, கேட்டால்தான் இருக்கிற பிள்ளை சொல்லும் என்றார். அவன் இல்லை என்றான். உங்கள் பிள்ளை நான் இல்லாவிட்டால் நன்றாக இருக்கும் என்கிற மாதிரிப் பேசினால் திட்டாதீர்கள், தனியாக விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். மனநல உதவிக்கு 14416 என்ற அரசு எண் இருக்கிறது. தமிழில் பேசலாம், எந்நேரமும் எடுப்பார்கள், காசில்லை. குழந்தைகளுக்கு 1098. பள்ளி தொடர்பான புகாருக்குப் பள்ளிக் கல்வித் துறையின் 14417. மூன்றையும் எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன், மகன் கண்ணில் படுகிற உயரத்தில்.

வளர்ந்தால் மறந்துவிடும் என்று ஆறுதல் சொன்னவர்கள் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். நான் அதை நம்பவில்லை. பிரிட்டனில் 1958-ல் ஒரே வாரத்தில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து வந்த ஆய்வில், ஏழு வயதிலும் பதினொன்றிலும் அடிக்கடி கொடுமைக்கு ஆளானவர்களிடம் ஐம்பது வயதிலும் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாக இருந்தன என்று 2014-ல் வெளியிட்டார்கள். அதனால்தான் அவன் சரியாகிவிட்டான் என்று தோன்றிய பிறகும் பள்ளியின் மனநல ஆலோசகரிடம் மாதம் ஒரு முறை பேசவைத்தோம். அந்தப் பையன்களில் ஒருவன் வீட்டில் தினமும் அடி வாங்குகிறவன் என்று பிறகு தெரிந்தது. அவனையும் அதே ஆலோசகர் பார்க்கிறார், வேறு நாளில்.

இப்போது மகன் ஒன்பதாம் வகுப்பு. பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் நான் தாழ்ப்பாளைப் பற்றிப் பேசி முடித்ததும், ஒரு பெண் பிள்ளையின் அம்மா தனியாக வந்து, தன் மகளும் அவள் தோழிகளும் நாள் முழுக்கத் தண்ணீரே குடிப்பதில்லை, அவர்கள் பக்கம் உள்தாழ்ப்பாளே உடைந்து கிடக்கிறது, கதவைத் தள்ளிவிட்டுச் சிரிக்கிறார்கள் என்றார். மாதவிடாய் நாட்களில் பல பேர் லீவு போட்டுவிடுகிறார்களாம். இரண்டு பேரும் சேர்ந்து எழுதியிருக்கிறோம்: பெண்கள் பக்கம் எல்லாக் கதவிலும் உள்தாழ்ப்பாள், எல்லாப் பிளாக்கிலும் வெளித் தாழ்ப்பாளை நீக்குவது, இன்டர்வெல்லில் ஓர் ஆசிரியை. வரும் மாதக் கூட்டத்தில் முதல் விஷயமாக எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். கையெழுத்துப் போட இன்னும் பெற்றோரைச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.